வலிக்கும் முழங்காலும் விலக்கப்பட்ட சிப்பியும்

அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பிறகு, ஹவ்ளு ஓரத்தில் ஒரு பெரியவர் நமக்காகக் காத்துக் கொண்டிருந்தார். இராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் முப்பது வருஷங்களுக்கு மேல் மூட்டை சுமந்தவர். சுமந்த மூட்டையெல்லாம் இறங்கிவிட்டது. அதன் பாரம் மட்டும் முழங்காலில் தங்கிவிட்டது. கையில் ஒரு மருந்துப் புட்டி வைத்திருந்தார். கொச்சியில் வேலை பார்க்கும் மருமகன் வாங்கி வந்து கொடுத்தாராம்.

"ஹஜ்ரத், இது கடல் சிப்பியிலேருந்து எடுத்த மருந்தாம். முழங்கால் வீக்கம் வடியுமாம். நாம ஹனஃபி, சிப்பி நமக்கு ஆகாது, அது தெரியும். ஆனா நாலு வருஷமா நாற்காலியில உக்காந்துதான் தொழறேன். நெத்தி தரையில பட்டு நாலு வருஷம் ஆச்சு. ஒரு ஸுஜூது செய்யறதுக்காக இதைச் சாப்பிட்டா அல்லாஹ் கோவிச்சுக்குவானா?"

நாம் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொல்லிவிட்டோம். இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்தது புகாரி ஷரீபில் வந்திருக்கிறதல்லவா? "உங்கள் நாற்காலித் தொழுகையில் ஒரு குறைவும் இல்லை. எனவே இதில் நிர்ப்பந்தம் கிடையாது, வேண்டாம்" என்றோம்.

பெரியவர் கோபிக்கவில்லை. "சரிங்க ஹஜ்ரத். உங்களுக்கு முட்டி வலி இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக் கொண்டு எழுந்து போனார்.

அந்த வார்த்தை நம்மை உறங்க விடவில்லை. முப்பத்தைந்து வயதில், வலியறியாத காலை மடக்கி உட்கார்ந்து கொண்டு இன்னொருவருடைய வலிக்குச் சட்டம் சொல்வது எளிது. நாம் கூறிய மஸ்அலா தவறல்ல. ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு அது பதிலாக இருந்ததா? அவர் ஸுஜூதைப் பற்றிக் கேட்டார் என்று நாம் எண்ணினோம். அவர் வலியைப் பற்றியும்தான் கேட்டார். இரண்டையும் சேர்த்து ஆராய்ந்து பார்க்க ஒரு வாரம் எடுத்துக் கொண்டோம். அந்த ஆராய்ச்சியையே நம் வாசக நேயர்கள் முன் வைக்கிறோம். மூட்டுவலி இல்லாத முஸ்லிம் வீடு இந்தப் பக்கத்தில் எது?

முதலில் அந்த மருந்து என்னவென்று அறிந்து கொள்வோம். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். அங்குள்ள விஞ்ஞானிகள் பச்சைச் சிப்பியிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, மூட்டு அழற்சிக்கென 'கடல்மின்' என்ற பெயரில் வெளிக்கொணர்ந்தார்கள். பச்சைச் சிப்பியை மலையாளத்தார் கல்லுமக்காய் என்பார்கள். நம் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அலை தடுக்கப் போட்டிருக்கும் கருங்கற்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஜாதிப் பிராணி புதிதல்ல.

இந்த எண்ணம் முதலில் பிறந்தது நியூசிலாந்தில். அங்குக் கடலோரத்தில் வாழும் மவோரி மக்களுக்கு மூட்டுவாதம் குறைவு, அவர்கள் சிப்பி தின்பதே காரணம் என்றொரு பேச்சு எழுந்து, 1970-களில் அந்நாட்டுச் சிப்பியை மருந்தாக்கி உலகெங்கும் விற்றார்கள். 1980-ல் கிளாஸ்கோ நகரில் நடந்த ஒரு சோதனை பலன் உண்டு என்றது. பிறகு நடந்த சோதனைகளில் சில ஆம் என்றன, சில இல்லை என்றன.

இப்போது இன்னொரு படி மேலே போயிருக்கிறார்கள். சிப்பிச் சதையை மருந்துக் காளான்களைக் கொண்டு புளிக்க வைத்து, அப்படிப் புளித்ததின் சாறு அழற்சியைத் தணிக்கிறதா என்று சோதனைக் கூடங்களில் பார்க்கிறார்கள். அழற்சி என்பது, நம் உடலின் காவல்காரனே அளவு மீறிப் போய் வீட்டுக்காரனை அடிப்பது போன்றது: சூடு, சிவப்பு, வீக்கம், வலி. காளான் தன்னுடைய செரிமானப் பொருள்களால் சிப்பியின் புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறது. அந்தத் துண்டுகளில் சில இந்தக் காவல்காரனை அடக்குமா என்பதுதான் ஆராய்ச்சி. கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுவில் ஒன்று பலித்தது என்பதற்கும், துறைமுகத்து முதியவரின் முழங்காலில் அது பலிக்கும் என்பதற்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கிறது. விளம்பரக்காரர்கள் அந்தத் தூரத்தை ஒரே தாவாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இந்தக் காளான் விஷயத்தைக் கேள்விப்பட்ட இளைஞர் ஒருவர் நம்மிடம் வாதாடினார். "ஹஜ்ரத், சாராயம் காடியாக மாறினால் ஹலால் என்கிறீர்கள். காளானால் புளித்து மாறிய சிப்பி மட்டும் ஏன் ஆகாது? அது இப்போது சிப்பியே இல்லையே!" மத்ரஸாவில் ஓதாத பிள்ளை இவ்வளவு தூரம் யோசித்ததில் நமக்குச் சந்தோஷமே. இங்கே நின்று நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

கடற்பிராணிகளைப் பற்றி இரண்டு மத்ஹபுகளின் நிலை நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். அல்மாயிதா சூராவின் 96-ஆவது வசனம் கடல் வேட்டையையும் அதன் உணவையும் ஆகுமாக்குகிறது. இதை விரிவான பொருளில் கொண்டது ஷாஃபிஈ மத்ஹபு. சிப்பி வகையில் அவர்களுடைய பழைய இமாம்களிடையே பேச்சு இருந்ததுண்டு. பிற்காலத்தவர் ஆகும் என்பதையே கொண்டார்கள். மலபாரில் நம் மாப்பிள்ளைச் சகோதரர்கள் கல்லுமக்காயில் அரிசி மாவை அடைத்துச் சமைக்கும் அரிக்கடுக்கவை நோன்பு திறக்கும் நேரத்தில் விருந்தாளிக்கு வைப்பது இதனால்தான். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ நீர்வாழ்வனவற்றில் மீனை மட்டுமே உண்ணலாம் என்றார்கள். ஹிதாயா ஓதிய ஒவ்வொரு மாணவருக்கும் இது பாடம்.

ஆனால் பலர் ஒரு நுட்பத்தைக் கவனிப்பதில்லை. ஹனஃபிகளிடம் சிப்பி உண்ணத் தகாதது, ஆனால் அசுத்தமல்ல. ஓடும் இரத்தம் இல்லாத பிராணி இறந்தாலும் நஜீஸ் ஆவதில்லை. ஆகவே சிப்பிச் சத்தைத் தைலமாக்கி முழங்காலில் பூசினால், அதோடு தொழுவதற்குத் தடை சொல்ல இடமில்லை. வாய்க்குள் போவதில்தான் வழக்கு.

அந்த வாய்க்குள்ளும் எல்லாம் ஒன்றல்ல. நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவியது கிளிஞ்சல் சுண்ணாம்பு. பழவேற்காட்டுப் பக்கத்தில் வாரிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றி வந்ததை எந்த ஹனஃபி ஆலிமும் தடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. சித்த வைத்தியர் தரும் சங்கு பற்பமும், முத்துச் சிப்பி பற்பமும் அப்படியே. யூனானி ஹக்கீம்களின் கமீரா மர்வாரீதில் முத்து சேருகிறது; முத்து சிப்பியின் வயிற்றுப் பிள்ளைதான். ஓடு உயிரில்லாத பாகம். அதோடு நெருப்பு அதை வேறொன்றாக்கிவிட்டது.

இந்த மாற்றத்தையே பிக்ஹுக்காரர்கள் இஸ்திஹாலா என்பார்கள். உப்பளத்தில் விழுந்த கழுதை உப்பாகவே ஆகிவிட்டால் அது உப்புதான், கழுதையல்ல என்பது ஹனஃபிகளின் பிரசித்தமான உதாரணம். இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். சிப்பியில் கடுமை காட்டும் ஹனஃபி மத்ஹபு மாற்றத்தில் தாராளம் காட்டுகிறது. சாராயத்தில் உப்பைப் போட்டுக் காடியாக்கினாலும் சரி என்கிறது. சிப்பியில் தாராளமான ஷாஃபிஈ மத்ஹபோ, தானாகக் காடியானால் சரி, எதையேனும் போட்டு ஆக்கினால் சுத்தமாகாது என்று இங்கே கடுமை காட்டுகிறது. இங்கே ஒரு சலுகையும் அங்கே ஒரு சலுகையும் எடுத்துத் தைத்துச் சட்டை போட்டுக் கொள்ள நினைப்பவன் எந்தத் தையல்காரனிடமும் போக முடியாது.

சரி, காளானால் புளித்த சிப்பி உப்பான கழுதைதானா? நம் அபிப்பிராயம் இதுதான். மருந்து விற்பவரிடம் இந்தப் பலன் எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். "சிப்பியின் சத்து ஐயா, கடலின் வரம்" என்பார். புட்டியின் மேலும் சிப்பிப் படம்தான் இருக்கிறது. சட்டம் கேட்கிறபோது மட்டும் "இதில் சிப்பியே இல்லை, எல்லாம் மாறிவிட்டது" என்றால் எப்படி? விலை கேட்கும்போது சிப்பி இருக்கிறது, ஹலாலா என்று கேட்கும்போது சிப்பி இல்லை! உப்பான கழுதையை யாரும் கழுதையின் குணத்துக்காக வாங்குவதில்லை; உப்புக்காகவே வாங்குகிறார்கள். புளிக்க வைத்த இறைச்சி, மென்மையாகிப் போன இறைச்சியேயன்றி வேறு பொருளல்ல. நாளை ஒரு நாள் காளான் சிப்பியைத் தின்று, சிப்பியில் இல்லாத முற்றிலும் புதியதொரு பொருளைச் செய்து, அதை மட்டும் பிரித்தெடுத்தார்களானால் அன்று இந்த வழக்கு வேறு; அப்போது மீண்டும் கிதாபைப் புரட்டுவோம்.

புளித்தல் என்றவுடன் போதை என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இட்லி மாவும் தயிரும் பழைய சோறும் புளித்தவைதாம். நாயகம் (ஸல்) அவர்கள் காடியை நல்ல குழம்பென்று சிறப்பித்தார்கள். காளானும் அருவருப்பான பொருளல்ல. பூமிக்குள் விளையும் கம்அத் எனும் காளான் வகையின் நீர் கண்ணுக்கு மருந்தாகும் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. 1928-ல் பிளெமிங் கண்ட பென்சிலின் பூஞ்சையிலிருந்து வந்ததே. எனவே இங்குத் தடை காளானில் இல்லை, புளிப்பிலும் இல்லை, சிப்பியில்தான்.

இனி பெரியவரின் உண்மையான கேள்விக்கு வருவோம். ஆகாத ஒன்றை மருந்துக்காக ஏற்கலாமா? மதுவை மருந்தென்று சொல்லிக் கேட்டவருக்கு, அது மருந்தல்ல, நோய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள் உடல் அரிப்பால் அவதிப்பட்ட ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகிய இருவருக்கும் ஆண்களுக்கு விலக்கப்பட்ட பட்டாடையை அனுமதித்தார்கள். அரிப்பு உயிரைக் கொல்லும் நோயா? இல்லை. ஆயினும் வேதனை வேதனைதான். நாம் அன்று பெரியவருக்குப் பதில் சொல்லும்போது மறந்து போனது இதைத்தான். உயிர் போனாலொழிய நிர்ப்பந்தமில்லை என்று நாமாக ஒரு வேலி போட்டுவிட்டோம்.

மற்றொரு சம்பவம் இன்னும் நுட்பமானது. அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் போரில் மூக்கு போய்விட்டது. வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்துக் கொண்டார்கள். அது நாற்றமெடுத்தது. அதன் பிறகே தங்க மூக்கு வைத்துக் கொள்ளச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். கவனியுங்கள்: முதலில் வெள்ளி, அது உதவாதபோது தங்கம். பிற்கால ஹனஃபி ஃபகீஹ்கள் வைத்த நிபந்தனைகளும் இந்த வரிசைக்குப் பொருந்தியே இருக்கின்றன. அதில் குணமுண்டு என்பது மார்க்கப் பற்றுள்ள தேர்ந்த மருத்துவர் வாயிலாகத் தெரிய வேண்டும். ஆகுமான வேறு மருந்து இல்லாதிருக்க வேண்டும்.

இந்தத் தராசில் சிப்பிப் புட்டியை வைத்துப் பார்ப்போம். குணம் உறுதியா? மேலே சொன்னபடி சிலர் ஆம், சிலர் இல்லை. வேறு மருந்து இல்லையா? இருக்கிறது. அதே கொச்சி நிலையத்தார் கடற்பாசியிலிருந்தும் மூட்டு அழற்சிக்கு ஒரு மருந்து செய்திருக்கிறார்கள். பாசி தாவரம், எந்த மத்ஹபிலும் வழக்கில்லை. யூனானியில் மூட்டுவலிக்கு சூரஞ்சான் என்ற கிழங்கு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அந்த இனச் செடியிலிருந்து எடுத்த கோல்சிசின் என்னும் பொருளை இன்றைக்கும் ஆங்கில டாக்டர்கள் ஒருவகை வாதத்திற்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அளவு மிஞ்சினால் விஷம். ஹக்கீம் இல்லாமல் தொடக் கூடாது. அந்த ஹக்கீமைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மத்திய அரசின் யூனானி ஆராய்ச்சி நிலையம் நம் இராயபுரத்திலேயே மாதா கோயில் தெருப் பக்கம் இருக்கிறது! வெள்ளி மூக்கு தெருக்கோடியில் இருக்கும்போது தங்க மூக்குக்கு அவசரமென்ன?

இதற்கிடையில் ஒரு சங்கதி வெளிவந்தது. பெரியவரின் பழைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்தோம். இரண்டு வருஷமாக அவர் விழுங்கி வந்த மாத்திரை குளுக்கோஸமின். அது பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது. பாவம், பெரியவர் வெலவெலத்துப் போனார். அறியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்று தேற்றினோம். தவிர, ஓட்டைக் கடுமையான அமிலத்தில் சிதைத்து எடுக்கும் அந்தப் பொருளில் ஓட்டின் தன்மை எதுவும் மிஞ்சுவதில்லை. சுண்ணாம்பின் பக்கம் சேர்க்கத்தக்கது அது. புளித்த சதையோடு அதை ஒன்றாக வைக்க நம் மனம் ஒப்பவில்லை. அப்படியும் மனம் உறுத்துகிறவர்களுக்குப் பூஞ்சையிலிருந்தே செய்த குளுக்கோஸமின் கிடைக்கிறது. நம் இளைஞர் தேடிய காளான் இங்கேதான் உதவிக்கு வருகிறது! ஆனால் 2006-ல் அமெரிக்காவில் 1583 நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில், குளுக்கோஸமின் வெறும் மாத்திரையைவிடப் பொதுவாக மேலென்று காணவில்லை. இரண்டு வருஷக் காசை எண்ணிப் பெரியவர் பெருமூச்சு விட்டார்.

ஷாஃபிஈ சகோதரர்கள் இதுவரை படித்துவிட்டு, நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நிம்மதியடைய வேண்டாம். அல்பகரா சூராவின் 168-ஆவது வசனத்தில் அல்லாஹுத் தஆலா ஹலாலோடு தய்யிப் என்பதையும் சேர்த்துச் சொல்கிறான். ஆகுமானதாக மட்டும் இருந்தால் போதாது, நல்லதாகவும் இருக்க வேண்டும். சிப்பி இரை தேடி ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, அதிலுள்ளதைத் தன் சதையில் சேர்த்துக் கொள்ளும். அதனால்தான் கடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க உலகெங்கும் விஞ்ஞானிகள் சிப்பியை அறுத்துப் பார்க்கிறார்கள். நம் எண்ணூர்க் கழிமுகம் எதை வடிகட்டக் கொடுக்கிறது? அனல் மின் நிலையத்துச் சாம்பல், ஆலைகளின் கழிவு. 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் கருங்கற்களில் தார் போல ஒட்டிக் கொண்டதையும், இளைஞர்கள் அதை வாளி வாளியாக அள்ளியதையும் நாம் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடியும் கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன.

அந்தக் கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பி ஷாஃபிஈ மத்ஹபில் ஹலாலாக இருக்கலாம். அதை இலவசமாகக் கிடைக்கிறதென்று பிடுங்கி வந்து முட்டிவலிக்குக் கஷாயம் வைக்கிறவர் ஈயத்தையும் எண்ணெயையும் சேர்த்துக் குடிக்கிறார். ஒருவன் பாத்திரத்தில் எச்சில் துப்பினால் சண்டைக்குப் போகிறோம். ஒரு கழிமுகத்தையே துப்பல் தொட்டியாக்கியவர்களிடம் ஹலால் ஹராம் பேச நமக்கு நாக்கு எழுவதில்லை. ஆற்று முகத்துவாரத்தில் இடுப்பளவு சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் ஏழைகளின் மூட்டும் வலிக்கத்தான் செய்கிறது. அவர்களுக்கு எந்தப் புட்டியும் கொச்சியிலிருந்து வருவதில்லை. விஷயத்தை விட்டு விலகிவிட்டோம், மன்னிக்கவும்.

அடுத்த வாரம் நாமே பெரியவரின் வீட்டுக்குப் போனோம். முதலில், அன்று அவசரப்பட்டுப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டோம். "பாய், உங்கள் வலியைத் தீர்க்க மருந்து தேடுவது தவறல்ல. ஸுஜூதுக்காக என்றால் தேவையில்லை. உங்கள் தலை தாழ்வதை அல்லாஹ் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறான். வலிக்காக என்றால் வரிசைப்படி வாருங்கள். பாசி மருந்தும் ஹக்கீமின் மருந்தும் உதவாமல், டாக்டர் ஒருவர் இதுதான் வழி என்று பொறுப்போடு சொன்னால் அப்போது திரும்ப வாருங்கள், கதவை அடைக்க மாட்டோம்" என்றோம். சிப்பிச் சத்துக் கலந்த தைலம் கிடைத்தால் பூசிக் கொள்ளலாம் என்றும் சொன்னோம்.

"அப்ப இந்தப் புட்டி?" என்றார். காசு கொடுத்து வாங்கியது வீணாகிறதே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. அடுத்த வீட்டில் இருக்கும் காயல்பட்டினத்துக்காரருக்கும் முழங்கால் வலிதான். இருவரும் முதல் ஸஃப்பின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் தொழுகிறார்கள். அவர் ஷாஃபிஈ. வேறு மருந்து சாப்பிடுகிறவராதலால் டாக்டரிடம் கேட்டுக் கொண்டு சாப்பிடட்டும் என்று புட்டியை அங்கே அனுப்பி வைத்தோம். ஒரு வீட்டில் ஆகாதது அடுத்த வீட்டில் ஆகும் என்பதைப் பார்த்துப் பெரியவரின் பேரன் திகைத்து, "ரெண்டு பேருக்கும் ஒரே அல்லாஹ்தானே?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லவே ஒரு பொழுது போயிற்று. அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஒன்றரை மாதம் கழித்து ஜும்ஆவுக்குப் பின் விசாரித்தோம். காயல்பட்டினத்துக்காரர் சிரித்துக் கொண்டே, "புட்டி காலி ஹஜ்ரத். நாற்காலி அப்படியேதான் இருக்கு" என்றார். பெரியவர் யூனானி மருந்து சாப்பிட்டு வருகிறார். காலையில் எழுந்ததும் முட்டி பிடித்துக் கொள்வது கொஞ்சம் குறைந்திருப்பதாகச் சொல்கிறார். இன்னும் ஒரு மாதம் பார்க்க வேண்டும் என்று ஹக்கீம் சொல்லியிருக்கிறாராம்.